முதல் பிடியில் முள் இல்லை

மீன்கள் தண்ணீருக்குள் இருந்தபடியே மனிதரோடு வாயாடிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், ஆறு கடலில் போய்ச் சேரும் ஒரு முகத்துவாரத்தில் புன்னந்துறை என்றொரு குப்பம் இருந்தது. பனைமரத் துண்டங்களைச் சேற்றில் நட்டு, மேலே பலகை பாவி, தண்ணீருக்குள் நாற்பதடி நீளத்துக்கு ஒரு மேடை கட்டியிருந்தார்கள். தோணிகள் வந்து அணைவதும், மீன்கூடைகள் இறங்குவதும், பெண்கள் அரிசி களைவதும் எல்லாம் அந்தத் துறைமேடையில்தான்.

மேடைக்கு அடியில் மடவை மீன்கள் குடியிருந்தன. மடவையைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். உருண்ட உடம்பு, தட்டைத் தலை, தடித்த உதடு, பல் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. சேற்றையும் பாசியையும் உதட்டால் சுரண்டித் தின்னும். இன்றைக்கு அதைப் போன்ற சந்தேகப் பிராணி தண்ணீரில் வேறு இல்லை. நிழல் விழுந்தால் ஓடும். பலகை கிறீச்சிட்டால் ஓடும். இரையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு, ஏதோ நம் வீட்டுச் சமையல் பிடிக்காத விருந்தாளி மாதிரி, தின்னாமலே போய்விடும். ஒரு முழுப் பகலும் மேடையில் உட்கார்ந்துவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்குப் போய் நான் வாங்கிய ஏச்சு கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் அந்தக் காலத்து மடவை இப்படி இல்லை. கைக்கு வந்து தின்னும்.

அதற்குக் காரணம் ஓர் ஏற்பாடு. மேடைக்காலில் பாசி படிந்தால் ஏறி இறங்கும்போது வழுக்கும். தோணியின் அடியில் பாசி படிந்தால் துடுப்புப் போடுகிறவனின் தோள் கழன்றுபோகும். அந்தப் பாசியையெல்லாம் மடவைகள் சுரண்டித் தின்று மரத்தைச் சுத்தமாக வைத்திருக்கும். பதிலுக்குக் குப்பத்துப் பெண்கள் அரிசி களைந்த தண்ணீரையும் ஆளுக்கொரு பிடிச் சோற்றையும் நாள் தவறாமல் கொடுப்பார்கள். மேடையைச் சுற்றி மூங்கில் கழி எட்டும் தூரத்துக்கு யாரும் வலை வீசுவதில்லை, தூண்டில் போடுவதில்லை. கடலில் யார் எதைப் பிடித்தாலும் கேள்வி கிடையாது. மேடை மடவையை மட்டும் தொடக்கூடாது. இதை யாரும் எழுதிவைக்கவில்லை. எழுதிவைக்க வேண்டிய அவசியமும் அதுவரை வரவில்லை.

குப்பத்தில் காத்தாயி என்று ஒருத்தி இருந்தாள். நாகமுத்து என்கிற தோணிக்காரனின் மனைவி. கெட்டிக்காரி, இரக்கமுள்ளவள், ஆனால் வாய் மட்டும் கொஞ்சம் நீளம். மடவைகளில் மூத்தவளான உதட்டாயிக்கும் அவளுக்கும் அப்படி ஒரு சிநேகிதம். காத்தாயி மேடை விளிம்பில் குப்புறப் படுத்துச் சோற்றுக் கையைத் தண்ணீருக்குள் விடுவாள். உதட்டாயி வந்து உள்ளங்கையிலேயே தின்னும். தின்னும்போது வம்பும் நடக்கும்.

"ஏண்டி காத்தாயி, இன்னிக்குச் சோத்துல உப்பு தூக்கலா இருக்கே? புருசனோட சண்டையா?"

"காலமெல்லாம் கடத்தண்ணியில கெடக்குறவளுக்கு உப்பு தூக்கலாத் தெரியுதாக்கும்? தின்னுட்டுப் போடி."

இப்படிப் போய்க்கொண்டிருந்த நாளில், காத்தாயியின் ஒரே மகள் செங்கமலத்துக்குக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை அய்யாக்கண்ணு, வயற்காட்டு ஊர்க்காரன். நெல் வண்டி ஓட்டிவந்து கருவாட்டுக்கு மாற்றிக்கொண்டு போகிறவன், ஒருநாள் கருவாட்டைப் பார்க்காமல் பெண்ணைப் பார்த்துவிட்டான். கல்யாணப் பந்தலில் மாப்பிள்ளையின் தாயார், நாற்பது பேர் கேட்க, ஒரு கேள்வி கேட்டாள்.

"கடக்கரையில பொண்ணு எடுத்துருக்கோம். எம் புள்ளைக்கு மீனுக்காச்சும் கொறவு வராதுல்ல சம்மந்தி?"

"ஆமாம்" என்று சொல்லி நிறுத்தியிருக்கலாம். காத்தாயியின் வாய் நின்றால்தானே?

"கொறவா? எந்த நாளு வந்தாலும் உங்க மவன் எலையில மீனு இருக்கும். இல்லேன்னா எம் பொண்ணத் திருப்பி அனுப்பிருங்க!"

எல்லாரும் சிரித்தார்கள். செங்கமலம் மட்டும் சிரிக்கவில்லை. மாமியாராகப் போகிறவள் அந்த வார்த்தையைத் தாலியைவிடக் கெட்டியாக முடிந்து வைத்துக்கொண்டதை அவள் பார்த்துவிட்டாள்.

அடுத்த மாதம் வாடைக்காற்று பிடித்துக்கொண்டது. வெயில் அடிக்கிறது, வானம் வெளுத்துக்கிடக்கிறது, ஆனால் காற்று மட்டும் விடவில்லை. ஆறு நாளாக ஒரு தோணியும் கடலுக்குப் போகவில்லை. எல்லாத் தோணிகளும் மணலில் கவிழ்ந்து கிடந்தன. ஏழாம் நாள் காலையில், மறுவீட்டு விருந்துக்கு மகளும் மருமகனும் வண்டியில் வந்து இறங்கினார்கள்.

"வாங்க மாப்புள்ள, வாங்க" என்று காத்தாயி செம்பில் தண்ணீர் கொடுத்தாள். கை கொடுத்ததே தவிர, மனசு அடுப்படியில் இருந்தது. அம்மியில் மசாலா அரைத்து வைத்தாயிற்று. புளி கரைத்து வைத்தாயிற்று. சட்டியில் போடத்தான் மீன் இல்லை. கருவாடு? இருந்ததையெல்லாம் கல்யாணச் சீரோடு கட்டிக் கொடுத்தாயிற்று. நாலு வீட்டில் கேட்டுப் பார்த்தாள். "எங்க வீட்டுலயே மொளவுத்தண்ணிதான் அக்கா" என்று நாலு வீட்டிலும் ஒரே பதில்.

கோழி அடிக்கலாமே என்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் கோழி அவர்கள் ஊரிலும் மேய்கிறது. கடற்கரைக்கு வந்த மருமகனுக்குக் கோழியைப் போட்டால், 'மீனுக்கு வக்கில்லாமல் கோழி அடித்தார்கள்' என்றுதான் பேச்சு போகும். 

செங்கமலம் பின்கட்டுக்கு வந்து தாயின் தோளைத் தொட்டாள். "அம்மா, மீனு இருக்குல்ல?"

காத்தாயி வெறுஞ்சட்டியைத் தூக்கி அடுப்பில் வைத்தாள்.

"அவுங்க நல்லவுங்கதாம்மா. ஆனா பொய் சொல்லத் தெரியாது. வீட்டுக்குப் போனதும் எலையில என்ன வச்சாங்கன்னு அத்தை கேப்பாங்க. இவுங்க உள்ளதச் சொல்லிருவாங்க. அப்பறம் நான் ஆயுசுக்கும் ஒவ்வொரு வேளையும் அந்தப் பேச்சக் கேட்டுக்கிட்டேதான் சோறு திங்கணும்." அதற்கு மேல் பேச முடியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

தன் வாயால் வந்த வினை. அதை மகள் சுமக்கப்போகிறாள்.

ஒரு காரியம் செய்திருக்கலாம். நேராக உதட்டாயியிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். ஆனால் மீனிடமே போய் எப்படி மீன் கேட்பது? 'உன் சொந்தத்தில் ஒன்றைக் கொடு, குழம்பு வைக்கிறேன்' என்று கேட்க யாருக்குத்தான் நாக்கு வரும்? காத்தாயிக்கு வாழ்க்கையில் முதல்முறையாகப் பேச வாய் வரவில்லை. வராமல் போனதும் அன்றைக்கென்று பார்த்துத்தான்.

நாகமுத்துவின் சுறாத் தூண்டிலிலிருந்து ஒரு முள்ளைக் கழற்றினாள். சுண்டுவிரல் நீளத்துக்கு வளைந்த இரும்பு முள். அதைச் சோற்று உருண்டைக்குள் பொதிந்து, கயிற்றை முழங்கைவரை சுற்றிக்கொண்டு, மேடையின் நுனிக்குப் போய்க் குப்புறப் படுத்துக் கையைத் தண்ணீருக்குள் விட்டாள்.

உதட்டாயி வந்தது.

"மக வந்துருக்காளாமே? வண்டிச் சத்தம் கேட்டுச்சு. நல்லாருக்காளா?"

"ம்."

"என்னடி, கையி நடுங்குது?"

"காத்துக்கு."

"பாவம், குளிருதாக்கும்" என்று சொல்லிவிட்டு, வழக்கம்போல் வாயைத் திறந்து உருண்டையை வாங்கிக்கொண்டது.

காத்தாயி கண்ணை மூடிக்கொண்டு இழுத்தாள்.

மீன் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு மேலே போனது. ஆள் உயரத்துக்கு மேலே போனது. பிறந்தது முதல் மேடையை அடியிலிருந்தே பார்த்துவந்த உதட்டாயி, அந்த ஒரு மூச்சு நேரத்தில் எல்லாவற்றையும் மேலிருந்து பார்த்தது. கவிழ்ந்து கிடக்கும் தோணிகளைப் பார்த்தது. பின்கட்டு அடுப்பில் வெறுஞ்சட்டி காய்வதைப் பார்த்தது. வாசலில் முந்தானையைக் கடித்துக்கொண்டு நிற்கும் செங்கமலத்தைப் பார்த்தது. கயிற்றைப் பிடித்திருக்கும் கை யாருடையது என்பதையும் பார்த்தது.

சுறாவுக்கு அடித்த முள் மடவையின் சின்ன வாய்க்குள் சரியாகப் பதியவில்லை. உதடு கிழிந்தது. மீன் தண்ணீரில் விழுந்தது. மேடைக்கு அடியில் இருந்த அத்தனை மடவையும் ஒரேயடியாகச் சிதறி ஓடின. கலங்கிய தண்ணீரில் நாலு சோற்றுப் பருக்கை மட்டும் மிதந்தது.

காத்தாயி பலகையில் தலையை வைத்துக்கொண்டு அழுதாள். சத்தம் கேட்டு நாகமுத்து ஓடிவந்தான். செங்கமலம் ஓடிவந்தாள். விருந்துக்கு வந்த மாப்பிள்ளையும், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பலகை அதிரத் திமுதிமுவென்று ஓடிவந்தான். காத்தாயி ஒன்றையும் மறைக்கவில்லை. மீன் இல்லாததிலிருந்து முள் வைத்தது வரைக்கும் அத்தனையும் சொன்னாள்.

"மேடை மடவைக்கா முள்ளு வச்ச?" என்று நாகமுத்து தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான்.

"அத்தே, ஒரு வேள ரசஞ்சோறு தின்னா எனக்கு ஒண்ணும் ஆயிராது" என்றான் அய்யாக்கண்ணு. "ஆனா ஆத்தா கேட்டா நான் என்ன சொல்லுவேன்? இல்லாததச் சொன்னா எனக்கு முழியே காட்டிக்குடுத்துரும்."

அப்போது மூங்கில் கழி எட்டும் தூரத்துக்கு அப்பால் தண்ணீர் அசைந்தது. உதட்டாயி தலையை மட்டும் மேலே தூக்கியிருந்தது. மேலுதடு ஒரு பக்கம் கிழிந்து தொங்கியது.

"காத்தாயி" என்றது. 'ஏண்டி' இல்லை, ஒன்றும் இல்லை. வெறும் காத்தாயி.

"என்னையக் கொன்னுபோட்டாலும் தகும்டி" என்று காத்தாயி அழுதாள். "எம் மகளுக்காக வச்சேன். ஒங்கிட்டக் கேக்க எனக்கு வாயி வரல. ஒன் சனத்துல ஒண்ணக் குடுன்னு நான் எப்புடிக் கேப்பேன்?"

"கேட்டுருந்தா மாட்டேன்னு சொல்லியிருப்பேன்."

காத்தாயி தலை குனிந்தாள்.

"அம்புட்டுத்தான். மாட்டேன்னு சொல்லியிருப்பேன், நீ கோச்சுக்கிட்டுப் போயிருப்ப, நாளைக்கு ரெண்டு பேரும் பேசிச் சிரிச்சுருப்போம். இப்ப நாளைக்கு நான் எப்புடி ஒங்கையில திம்பேன்?"

காத்தாயி முழங்கையில் சுற்றியிருந்த கயிற்றை அவிழ்த்துப் பலகையில் போட்டாள். பிறகு உதட்டாயியே பேசியது.

"மேல போனப்ப ஒன் வீட்டப் பாத்தேன். சட்டி காயிறதயும் பாத்தேன், புள்ள நிக்கிறதயும் பாத்தேன். அது என்ன தப்புப் பண்ணுச்சு? அதனால ஒரு பேச்சுப் பேசிக்குவோம். எல்லாரும் கேட்டுக்குங்க. கையில திங்கிறது இன்னியோட போச்சு. இனிமே மேடையில ஒக்காந்து தூண்டி போடுறவங்க போடுங்க. முள்ளு இருக்குன்னு எங்களுக்குத் தெரியும், எங்களுக்குத் தெரியும்னு ஒங்களுக்கும் தெரியும். ஒங்க சாமர்த்தியம் ஒங்களுக்கு, எங்க சாமர்த்தியம் எங்களுக்கு. ஆனா மொதப் பிடிச் சோறு எங்களுது. அதுல முள்ளு கூடாது. இத்தன காலம் குடுத்த சோத்துக்கு அது ஒண்ணுதான் மிச்சம்."

"சத்தியமா" என்றான் நாகமுத்து.

"இன்னும் ஒண்ணு. பேச்சும் இன்னியோட சரி. பேசிக்கிட்டே முள்ளு வச்சா அது துரோகம். பேசாம வச்சா அது வேட்டை. வேட்டைக்கு நாங்க பயந்தவங்க இல்ல. கொடுவா மீனும் சீலா மீனும் தெனமும் எங்களத் தொரத்திக்கிட்டுத்தான் இருக்கு."

காத்தாயி எழுந்து உட்கார்ந்தாள். "பேசாம எப்புடிடி இருப்பேன்?"

"பழகிக்கலாம்" என்றது உதட்டாயி. "இன்னிக்கு மட்டும் ஒங்கையி தூண்டியத் தொட வேணாம். யாருக்கு விருந்தோ அவரே பிடிக்கட்டும்."

தலை தண்ணீருக்குள் போனது. மடவை மனிதரிடம் பேசிய கடைசிப் பேச்சு அதுதான்.

எல்லாரும் அய்யாக்கண்ணுவைப் பார்த்தார்கள். அவன் வயற்காட்டுக் குளத்தில் கெண்டையும் விராலும் பிடித்தவன். "இதென்ன பெரிய காரியம்" என்று சுறாத் தூண்டிலையே எடுத்துக்கொண்டான். ஒரு பிடிச் சோற்றை முள்ளில்லாமல் தண்ணீரில் போட்டான். பிறகு பெரிய உருண்டை பிடித்து, பெரிய முள்ளில் குத்தி, மொத்தக் கயிற்றோடு தொபீரென்று வீசிவிட்டு, மேடை நுனியில் நிமிர்ந்து நின்றான்.

கல்யாணத்துக்கு எடுத்த பட்டுக்கரை வேட்டி வெயிலில் பளபளத்தது. நிழல் தண்ணீரில் நீளமாக விழுந்தது. ஒரு மடவை நீரிலிருந்து துள்ளி எழும்பி, ஆளை ஒரு பார்வை பார்த்துவிட்டு விழுந்தது. இன்னொன்று துள்ளிப் பார்த்தது. உதட்டாயி மேலே போனால் என்ன தெரியும் என்பதைத் தன் கூட்டத்துக்குச் சொல்லிவிட்டது போலிருக்கிறது. ஐந்தாறு மடவைகள் முறைவைத்துத் துள்ளி மாப்பிள்ளையை வேடிக்கை பார்த்தன. ஒன்று மட்டும், கொழுத்த மடவை, நாலுமுறை துள்ளியது. அந்த அழுகைக்கு நடுவிலும் செங்கமலத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்னையப் பாத்துச் சிரிக்குதா அது?" என்றான் அய்யாக்கண்ணு.

"அது பேசக்கூடாதுல்ல. அதான் குதிச்சுக் காட்டுது" என்றாள் அவள்.

மாப்பிள்ளைக்கு ரோஷம் வந்தது. ரோஷம் வந்தவன் எல்லாம் கத்துவான். அய்யாக்கண்ணு அப்படியல்ல, யோசிக்கிறவன். வயலில் கொக்கு மீன் பிடிப்பதை ஆயிரம் தடவை பார்த்திருக்கிறான். எந்தக் கொக்காவது திமுதிமுவென்று ஓடிவந்து மீன் பிடிக்கிறதா? தூண்டிலைச் சுருட்டி வைத்துவிட்டு, மேடையிலிருந்து மெதுவாக, குதிகால் படாமல் நடந்து கரைக்கு வந்தான்.

செங்கமலத்தின் சின்ன ஊசியை வாங்கி அடுப்புத் தணலில் காய்ச்சி வளைத்தான். சின்ன வாய்க்குச் சின்ன முள். கயிறு வேண்டாம் என்றான். செங்கமலம் அவன் வேட்டியின் கரையிலிருந்து பட்டு நூலை உருவி, மூன்றிழை சேர்த்து முறுக்கிக் கொடுத்தாள். அது தண்ணீரில் போட்டால் இருக்கும் இடம் தெரியவில்லை. புது வேட்டி கந்தலானதைப் பார்த்துக் காத்தாயி ஏதோ சொல்ல வந்தாள், பிறகு விழுங்கிக்கொண்டாள். தண்ணீரில் மிதக்கும் நெட்டித் தண்டில் ஒரு துண்டை நூலில் மிதப்பாகக் கட்டினான். பச்சரிசி மாவைச் சோற்றோடு பிசைந்து, குன்றிமணி அளவுக்கு ஓர் உருட்டு உருட்டி, முள் முழுக்க மறைகிற மாதிரி மூடினான். பழுப்பேறிய கோணி ஒன்றை வேட்டிக்கு மேலே சுற்றிக்கொண்டான்.

இந்தத் தடவை சூரியன் முகத்தில் அடிக்கிற பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தான். கண் கூசியது. கூசினாலும் நிழல் பின்னால் பலகையில் விழுந்தது. முதல் பிடியைத் தூவினான். உருண்டையாக அல்ல, நெல் விதைக்கிறவன் தூவுவதுபோல் கொஞ்சம் கொஞ்சமாக. மடவைகள் வந்தன, தின்றன, போயின. அவன் தூண்டிலைத் தொடவில்லை. இன்னொரு முறை தூவினான். அப்புறம்தான், சத்தமில்லாமல், தூவிய இடத்திலேயே நூலை நழுவவிட்டான்.

நெட்டி அசைந்தது. நாகமுத்து "இழுங்க மாப்புள்ள" என்று வாயெடுத்தான். காத்தாயி அவன் வாயைப் பொத்தினாள்.

அய்யாக்கண்ணு இழுக்கவில்லை. நெட்டி மறுபடி அசைந்து நின்றது. மடவை உதட்டால் தொட்டுப் பார்த்துவிட்டுப் போகிறது. வெயில் இறங்கியது. சோறு ஆறி, செங்கமலம் இரண்டு முறை போய்ச் சுடவைத்துவிட்டு வந்தாள். அவனுக்குப் பசி வயிற்றைக் கிள்ளியது. கொசு கடித்தது. கையைத் தூக்கவில்லை. இரையைத் தொடுகிறதா, தள்ளுகிறதா, வாயில் வைக்கிறதா என்று நெட்டியைப் பார்த்தே படிக்கக் கற்றுக்கொண்டான். ஒருமுறை அவசரப்பட்டு இழுத்தான். வெறும் முள் வந்தது. பேசாமல் மறுபடி மாவு வைத்து, மறுபடி கொஞ்சம் தூவினான்.

காத்தாயி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அவளுக்குத் தெரியாததா? உதட்டாயியின் கூட்டத்துக்கு என்ன பிடிக்கும், மேடையின் எந்தக் காலடியில் ஒதுங்கும், எல்லாம் அவளுக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பாதி நேரத்தில் காரியம் முடிந்திருக்கும். ஆனால் அது இத்தனை வருடம் பக்கத்தில் வைத்துப் பேசியவர்களின் வீட்டு ரகசியம். நாக்கைக் கடித்துக்கொண்டு பேசாமல் இருந்தாள். மகளின் வாழ்க்கை ஒரு நெட்டித் துண்டில் ஆடிக்கொண்டிருக்கும்போது வாயை மூடிக்கொண்டிருப்பது காத்தாயி போன்றவளுக்கு எவ்வளவு பெரிய தண்டனை என்பது அவளைத் தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும்.

சூரியன் மரத்தலைக்கு வந்தபோது, நெட்டி ஒருமுறை அசைந்தது. இன்னொருமுறை அசைந்தது. பிறகு பக்கவாட்டில் மெதுவாக நகர ஆரம்பித்தது. அய்யாக்கண்ணு கையை வெடுக்கென்று உதறவில்லை. மணிக்கட்டை மட்டும் மேலே திருப்பினான்.

நூல் விண்ணென்று நின்றது. மீன் ஓடியது, விட்டான். களைத்தது, இழுத்தான். மறுபடி ஓடியது, மறுபடி விட்டான். பட்டு நூல் தாங்கியது. கடைசியில் பலகையில் வந்து விழுந்ததைப் பார்த்தால், நாலுமுறை துள்ளி வேடிக்கை பார்த்ததே, அந்தக் கொழுத்த மடவைதான்.

யாரும் கத்தவில்லை. செங்கமலம் மட்டும், "அம்மா, அடுப்ப ஊது" என்றாள்.

குழம்பு கொதித்தபோது குப்பம் முழுக்க மணம் போனது. அய்யாக்கண்ணு மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டான். நடுத்துண்டு அவன் இலையில், தலை மாமனார் இலையில். காத்தாயி குழம்பை மட்டும் ஊற்றிக்கொண்டாள். மீனைத் தொடவில்லை. அவளை யாரும் கட்டாயப்படுத்தவும் இல்லை. ஊருக்குப் போனதும் தாயார் எதிர்பார்த்தபடியே கேட்டாள். பொய் சொல்லத் தெரியாத மகன் ஆதியோடந்தமாகச் சொன்னான். மகனைப் பட்டினி போட்டுப் பொழுதுபோகிற மட்டும் உட்காரவைத்தார்களா என்று அவளுக்குக் கோபம் வந்தது உண்மைதான். ஆனால் அடுத்த நாளே, "எம் புள்ள கடல்லயே போயி மீனு பிடிச்சுட்டு வந்தவனாக்கும்" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். செங்கமலத்தின் சோற்றுக்கு ஒரு குறையும் வரவில்லை.

குப்பத்துக்குத்தான் கொஞ்சம் நட்டம். மடவைகள் மனசிருந்தால் பாசியைச் சுரண்டின, இல்லாவிட்டால் இல்லை. தோணிக்காரர்கள் தோணியைக் கரையேற்றிக் கவிழ்த்துத் தாங்களே சுரண்ட வேண்டியதாயிற்று. "ஒரு சட்டிக் கொழம்புக்கு ஊரே பாசி சுரண்டுது" என்று நாகமுத்து கடைசிவரை முணுமுணுத்தான்.

காத்தாயி மறுநாளும் சோற்றோடு மேடைக்குப் போனாள். கையைத் தண்ணீருக்குள் விடவில்லை. ஒரு பிடியைத் தூவிவிட்டுப் பேசாமல் உட்கார்ந்தாள். ஒன்றும் வரவில்லை. பத்து நாள் போனாள், இருபது நாள் போனாள். ஒரு சாயங்காலம், கொஞ்சம் தள்ளி, உதடு கிழிந்த மடவை ஒன்று துள்ளி எழும்பி, அவளைப் பார்த்துவிட்டு விழுந்தது. பிறகு வந்து தூவியதைத் தின்றது. காத்தாயிக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. சொல்வதற்கு ஆயிரம் இருந்தது. ஒன்றும் சொல்லவில்லை. அதன் பிறகு எத்தனையோ வருடம் அவர்கள் இருவரும் அப்படியே, ஒரு வார்த்தை இல்லாமல், சாயங்காலங்களைக் கழித்தார்கள்.

அன்றைக்குத் தொடங்கியதுதான் இத்தனையும். மடவை எந்த இரையையும் உதட்டால் இரண்டுமுறை தொட்டுப் பார்க்காமல் வாயில் வைப்பதில்லை. நீரைவிட்டுத் துள்ளி மேடையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்க்காமல் கிட்டே வருவதில்லை. தூண்டில் போடுகிறவர்களும் சின்ன முள்ளும் மெல்லிய நூலுமாக, நிழலைப் பின்னால் விட்டு, காலோசை இல்லாமல் வந்து, பேச்சுமூச்சில்லாமல் உட்காருகிறார்கள். கடலோரத்தில் பெண் எடுத்த மாப்பிள்ளை எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும், மறுவீட்டு நாளில் தன் இலைக்கு வேண்டிய மீனைத் தானே மேடையில் உட்கார்ந்து பிடித்தாக வேண்டும். மாமியார் பக்கத்தில் இருக்கலாம், வாய் திறக்கக் கூடாது. பிடிக்க எவ்வளவு நேரமானாலும் அதைப் பற்றி யாரும் கேலி பேச மாட்டார்கள். அவர்கள் கவனிப்பது வேறொன்றை. அன்று முதல் இன்றுவரை, முதல் பிடியிலேயே முள் வைத்துப் போடுகிறவனுக்கு அந்தக் கரையில் யாரும் பெண் கொடுப்பதில்லை.